சந்தனம் வைத்த பியானோவும் அக்காவின் முப்பத்திரண்டு குரல்களும்

விஜயதசமிக்கு நான் கானாடுகாத்தான் போனது செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க அல்ல, எங்கள் அக்காவின் குழு பாடுவதைக் கேட்க. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் விவரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஜெயந்தி அக்கா பியானோ கலைஞர். சென்னையில் மேடை மேடையாக வாசித்தவள், அத்தானுக்கு மாற்றலானதால் பன்னிரண்டு வருடம் முன்பு காரைக்குடிக்கு வந்தாள். "அங்க போய் யாருக்கு வாசிக்கப் போற?" என்று கிண்டலடித்தவன் நான்தான். பள்ளியில் பாட்டு டீச்சரானாள். பிறகு நர்ஸ், தையல்காரர், பஸ் கண்டக்டர் என்று முப்பத்திரண்டு பேரைப் பிடித்துவந்து, ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடப் பழக்கினாள். பயிற்சிக்குத்தான் இடமில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், இலை எடுக்கிற சத்தத்துக்கு நடுவில் பாடினார்கள். கானாடுகாத்தானில் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், "எங்க பியானோவ நல்லா வாசிச்சுக் காட்டுனீகன்னா, மாசாமாசம் ஹாலைத் தாரேன்" என்று சொல்லியிருந்தார்.

திருச்சியில் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினேன். பண்டிகைக் கூட்டம், புதுக்கோட்டை வரை நின்றுகொண்டே பயணம். காரைக்குடியில் அத்தானோடு சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். பதினைந்து கிலோமீட்டர், நானூறு ரூபாய். "டீச்சர் கச்சேரிக்கா போறீக? எங்க வீட்ல ரெண்டாவது வரிசையில நிக்கிறாக" என்று பெருமையாகச் சொன்ன டிரைவர், பேரம் மட்டும் பேசவிடவில்லை.

மூன்று மணிக்குப் போனால் அக்கா பியானோ முன்னால் சிலையாக நிற்கிறாள். ஒவ்வொரு கட்டையிலும் சந்தனம், குங்குமம். அமுக்கிய கட்டை மேலே வரவே இல்லை.

"நேத்து ஆயுத பூசையில்ல? மோட்டாருக்கு, தையல் மிஷினுக்கெல்லாம் வச்சேன். டீச்சர் வாசிக்கப்போற சாமான விடலாமா? ஒரு கட்டை விடாம வச்சேன்" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலு அண்ணன். "சந்தனந்தான் பத்தல. கடைசி ரெண்டுக்கும் வெறும் குங்குமம்."

குழைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா நேராகப் பியானோவின் ஓரத்துக்குப் போனாள். அந்தக் கடைசிக் கட்டையைத் தட்டினாள். டிங் என்றது.

"இது போதும்" என்றாள்.

நான்கு மணிக்கு ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா அந்த ஒரு கட்டையைத் தட்டி, அதிலிருந்து நான்கு பிரிவுக்கும் சுருதியை முனகிக் காட்டிவிட்டு, கையை உயர்த்தினாள். துணைக்கு ஒரு வாத்தியமில்லை. கண்டக்டரின் கனத்த குரல் கீழே பிடித்துக்கொள்ள, பெண்கள் மேலே ஏறினார்கள். ஒருவர் கூடத் தடுமாறவில்லை. முக்கால் மணி நேரம். வெட்கமில்லாமல் அழுதேன். யாருக்கு வாசிப்பாய் என்று கேட்டேனே, அதற்குப் பதில் மூன்று வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தது.

ஆச்சி எழுந்து வந்தார். "பியானோ கேக்கணும்னு வந்தேன். கேக்காதது ஒரு கொறையாவே தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமையே வந்துருங்க" என்றார்.

போகிறவர்களுக்கு: திருச்சிப் பக்கமிருந்து வந்தால் காரைக்குடி வரை போகவேண்டாம், கானாடுகாத்தான் சாலை பிரியும் விலக்கிலேயே இறங்கிவிடலாம். பல வீடுகள் பூட்டியிருக்கும், காலையில் போவது நல்லது. மறுநாள் பத்து மணிக்கு, அங்கே மறந்து வைத்துவிட்டு வந்த பையை எடுக்க நான் போனபோது, வேலு அண்ணன் மதுரைக்காரர்கள் இருவருக்கு ஹாலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். தேக்குத் தூண்களையெல்லாம் வேகமாகக் கடந்து பியானோ முன்னால் நின்றார்.

"இது எங்க டீச்சரோடது. அவுக இத வாசிக்காமலே கச்சேரி நடத்துனாக."