அத்தையின் நாக்கும் அம்மாவின் சோப்புக் கையும்

வெற்றிலையும் புகையிலையும் கலந்த வாடை முகத்தருகே வந்தால் இன்றைக்கும் என் கண்கள் தாமாகவே இறுக மூடிக்கொள்கின்றன. அது கிளியனூர் அத்தையின் வாய் வாடை.

அப்பாவின் அக்காவான அவருக்கு அந்தப் பக்கத்தில் தனிப் பெயர் உண்டு. கேப்பை தூற்றும்போது யார் கண்ணில் தூசி விழுந்தாலும் நேரே அவரிடம்தான் ஓடுவார்கள். இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் ஒரே தடவு தடவி, தூசியைத் துப்பிவிட்டு, "போ, ஜல்தி போய் வேலயப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

நான்காம் வகுப்பில் என்னை எல்லோரும் "ஒன்றரைக் கண்ணு" என்று கூப்பிட, அப்பா புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் அறுவை சிகிச்சை செய்துவைத்தார். கண்ணைத் திருப்பும் தசையை இடம் மாற்றித் தைத்தார்கள். எங்கள் ஊரான திண்டிவனத்துக்குக் கிளம்பும்போது நர்ஸ், சோப்புப் போட்டுக் கழுவாத கை கண் பக்கம் போகக் கூடாது, மருந்துக் குப்பியின் முனை கண்ணில் படக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "சீழ் வச்சிடுச்சின்னா பார்வைக்கே ஆபத்தும்மா" என்று முடித்தார். அந்தச் சொல் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் அம்மா என் கண்ணோரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பீளை கட்டியிருக்குமோ என்று நான் கண் திறக்கவே பயந்து கிடப்பேன்.

தையல் வேறு மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. அது தையல்தான், தானே கரைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்க வந்த அத்தைக்கு அது எப்படித் தெரியும்? அம்மா சொட்டு மருந்து விடுவதற்காகப் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உறுத்துதா கண்ணு?"

"மண்ணு மாதிரி கீது அத்தே" என்று அழுதேன்.

"உள்ள தூசிய வச்சிக்கினே அனுப்பிட்டாளுங்களா? ஆடாத இரு."

என் தலையைச் சுவரோடு அழுத்தி இமையைப் பிரித்தார். சிவந்த நாக்கு இறங்கி வந்தது. நான் கண்ணை இறுக மூடப் பார்த்தேன்.

அத்தையின் குரல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். சோப்பு நுரை வழிந்த இரண்டு கைகளையும் எதிலும் படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளால் ஓங்கி ஓர் இடி இடித்தாள். அத்தை அரிசி மூட்டைமேல் போய் விழுந்தார்.

"என் வாயி உனக்கு அவ்ளோ அசிங்கமாப் பூடுச்சா செல்வி?"

"புள்ள கண்ணு போயிடும் அண்ணி" என்றாள் அம்மா. அத்தை அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

"நாக்கு பட்டுதாடி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் ஈரம் இருந்தது. கண்ணீரா எச்சிலா, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே புதுச்சேரிக்கு ஓடினோம். "இப்போதைக்கு ஒன்னுமில்ல, சிவப்பு கூடினா உடனே வாங்க" என்றார் டாக்டர். அந்த "இப்போதைக்கு" போதும், தையல் கரையும்வரை நாங்கள் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு முறை புதுச்சேரி பஸ் வழியில் கிளியனூரைத் தாண்டும்போதும் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

என் கண் பிழைத்தது. உறவுதான் புண்ணாகிப் போனது. இன்று கிளியனூரில் தூற்றுவதற்கு மெஷின் வந்துவிட்டது, தூசி விழுந்தால் மருந்துக்கடைக்குப் போகிறார்கள், அத்தையைத் தேடி யாரும் வருவதில்லை. போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், அம்மா என்னோடு கிளியனூரில் இறங்கினாள்.

அம்மா சொட்டு மருந்துக் குப்பியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அத்தை உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"கையக் கழுவினியா செல்வி?"

அது எங்கள் பழைய பயம். அம்மா ஈரக் கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். அத்தை சோப்பு வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டு, மெல்லத் தன் கையை எடுத்தார்.