முடிச்சை அவிழ்க்காமல் பார்த்த கயிறு

பணிக்காலம் முழுவதும் தொழிற்சாலைகளில் கயிறு, சங்கிலி, ஏணி என்று சோதித்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்திட்டு ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக் கூரைமேல் சாய்ந்த வேப்பங்கிளையை வெட்ட, மரமேறும் தொழிலாளி சுடலை வந்தார். அவருடைய கயிற்றை வாங்கி, சாணுக்குச் சாண் புரி பிரித்துப் பார்த்தேன். இடுப்பு வாரில் மாட்டும் முனையிலிருந்த பழைய முடிச்சு மட்டும் கல்லாக இறுகியிருந்தது. நகம் வலித்ததால் அதை விட்டுவிட்டேன்.

அவர் கயிற்றைத் தாழ்ந்த கிளையில் போட்டார். "ஒரு தடவ தொங்கிப் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"அதான் நான் பாத்தாச்சுல்லா? ஊஞ்சலா ஆடப் போறீரு? ஏறும் வே!"

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

கிளையை வெட்டச் சாய்ந்தபோது, அந்த முடிச்சுக்குள் இற்றுப்போயிருந்த கயிறு அறுந்தது. விழுந்தவருக்கு இடது குதிகால் நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் காதுபடவே சொன்னார்: "படிச்சவுக பாத்துக் குடுத்த கயிறாம்லா!"

இப்போது யார் ஏற வந்தாலும் முதலில் முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறேன்; பிறகு அவர்கள் தொங்கிப் பார்க்கும்வரை வாயைத் திறப்பதில்லை. சுடலை வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால், கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார்.