அக்கா ஏற்றுக்கொண்ட பிழை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் என்னிடம் சொன்னாள். மூன்று முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அக்காவைக் கவனித்துக்கொண்ட நாட்களில் உடம்பில் ஏறிய அசதி இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் அக்காவின் கதையில் உள்ள ஒரு செய்தியை என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

அக்கா வெள்ளகோவிலில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் தேங்காய்க் களத்தில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு நூல் மில்லுக்குப் போன அக்காதான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். துடியலூரில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். மாமா தகரக் கூரை போட்ட ஒரு பெயிண்ட் பட்டறை வைத்திருந்தார். வண்டிகளின் இரும்பு, அலுமினியப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது தொழில்.

திருமணமாகி ஆறாம் ஆண்டில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிற்று. பட்டறையை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். அக்கா விற்கவில்லை. சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பெயிண்ட் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"கைய நிறுத்தாத அம்மணி. நின்ன எடத்துல பெயிண்ட் தடிச்சுப்போகும்."

"எனக்குக் கை வலிக்குதுங்க."

"வலிக்கட்டும். ஒரு மாசம் போனா மறந்துரும்."

வலி மறக்கவில்லை என்று பின்னாளில் அக்கா என்னிடம் சொன்னார். வலியோடு அடிக்கப் பழகிக்கொண்டாராம்.

எஞ்சின் மேல்மூடிகளுக்கு அடிக்கும் சுருக்கப் பெயிண்டில் அக்காவுக்கு நல்ல பெயர் இருந்தது. முதலில் குறுக்கே ஒரு பூச்சு, சற்று நேரம் விட்டு நெடுக்கே ஒன்று, பிறகு சாய்வாக ஒன்று. அதன் பின் ஓவனில் வைத்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து, பாலாடை சுருங்குவதுபோல மூடி முழுக்கச் சுருக்கம் விழும். ஒரு பக்கம் பூச்சு மெலிந்தாலும் அங்கே வழவழவென்று நின்றுவிடும். அக்கா அடித்த நூறு மூடிகளை வரிசையாக வைத்தாலும் சுருக்கத்தில் வித்தியாசம் தெரியாது.

மாமா காலமான பிறகு அக்காவும் நானும்தான் பட்டறையைப் பார்த்துக்கொண்டோம். கழுவித் துடைத்துப் பூச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. அடிப்பது அக்காவின் வேலை. வார்ப்பு அலுமினியத்தின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால் வெறும் மூடிகளை ஒருமுறை ஓவனில் சூடேற்றி, கசியும் எண்ணெயைத் துடைத்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

ஒரு கோடையில் பெரிய கம்பெனி ஒன்றுக்கு நாற்பது மூடிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. நான்கு நாட்களாக மின்சாரம் வந்து வந்து போனதில் வேலை தேங்கிக் கிடந்தது. ஐந்தாம் நாள் மதியம் அசதியில் என்னால் நிற்கவே முடியவில்லை. ஓவன் சூடாவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. கழுவிய மூடிகளை அப்படியே துணியால் துடைத்து அக்காவின் முன்னால் அடுக்கினேன்.

"ஓவன்ல வெச்சு எடுத்துட்டியா கண்ணு?"

"ஆச்சுங்க அக்கா."

அக்கா ஒரு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். பிறகு அடிக்க ஆரம்பித்தார்.

சுருக்கம் வழக்கம்போல அழகாகவே விழுந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் தர அதிகாரி ஒரு மூடியைப் பையில் போட்டு எடுத்துவந்தார். எஞ்சின் சூட்டில் பெயிண்ட் கொப்பளித்து, நகத்தால் தொட்டாலே தோலாக உரிந்து வந்தது.

"ஏனுங்க அம்மா, எண்ணெய எடுத்தீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்க அவசரப்பட்டுட்டேன்" என்றார் அக்கா. "தப்பு என்னுதுங்க. அத்தனையும் திருப்பி அனுப்புங்க. உரிச்சுப்போட்டுப் புதுசா அடிச்சுத் தாரேன்."

"உங்ககிட்ட இத நான் எதிர்பாக்கலீங்க. இனிமே சுத்தம் பண்றதத் தம்பிகிட்டயே முழுசா உட்டுருங்க. அவரு நிதானமான ஆளு."

"சரிங்க" என்றார் அக்கா.

சுருக்கப் பெயிண்டை உரிப்பது அடிப்பதைவிடப் பெரிய பாடு. ஒவ்வொரு சுருக்கத்தின் இடுக்கிலும் பெயிண்ட் உரிக்கும் மருந்தை விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஐந்து நாட்கள் இருவரும் தேய்த்தோம். கையுறை போட்டும் அக்காவின் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. மூன்றாம் நாள் நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"அந்தப் பிரஷ்ஷக் கொஞ்சம் எடு கண்ணு."

அதன் பிறகு ஓராண்டு காலம் ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரி நேரில் வந்து அக்காவின் வேலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தே எடுத்துச் சென்றார். அக்கா பக்கத்தில் கைகட்டி நிற்பார். என் வேலையை அதிகாரி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்த ஓராண்டில் சொல்ல எனக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன. சொல்லவில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் அக்காவுக்கு நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. பீளமேட்டில் உள்ள மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். குளியலறைக்கு நடந்து திரும்பினாலே அரை மணி நேரம் மூச்சு வாங்கும். ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அந்த நாற்பது மூடிகளைச் சூடேற்றவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "கையில எடுத்தப்பவே ஜில்லுனு இருந்துச்சு. ஓவன்ல இருந்து வந்தா வெதுவெதுப்பா இருக்கோணுமில்ல."

"அப்பறம் ஏனுங்க அக்கா அடிச்சீங்க?"

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"நீ சோந்துபோயிருந்தே. நானும் சோந்துபோயிருந்தேன். மறுக்கா உன்னக் கேட்டு, நீ இல்லேன்னு சொல்லி, மறுபடியும் ஓவனப் போட்டு... எனக்குத் தெம்பில்ல கண்ணு. அதனாலதான் தப்பு என்னுதுன்னு சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலே."

மீதிக் கஞ்சியை வேண்டாம் என்றார். அடுத்த வாரம் எங்களை விட்டுப் போய்விட்டார்.

இறுதிச் சடங்கிற்கு அந்த அதிகாரியும் வந்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பிறகும் அக்காவை நினைவில் வைத்திருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவதானுங்க அம்மா கை தவறுச்சு. அதையும் மறைக்காம ஒத்துக்கிட்டாங்க" என்றார். சுற்றிலும் உறவினர்கள் நின்றிருந்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டியதுதான் இந்த ஓராண்டாக என்னைத் தூங்க விடவில்லை.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் உடனிருந்த அக்கம்பக்கப் பட்டறைத் தோழர்களுக்கும், எங்களுக்குச் சமைக்கத் தோன்றாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், வெள்ளகோவிலில் இருந்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அதிகாரி ஐயா, உங்களுக்கும் நன்றி. இந்த மலரை உங்கள் வீட்டுக்கு நானே நேரில் கொண்டுவருகிறேன். அன்று இறுதிச் சடங்கில் நீங்கள் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. பிழை தன்னுடையதுதான் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். அதை நான் ஏற்கவில்லை. அந்த மூடிகளைச் சூடேற்றாமல் விட்டவன் நான். சூடேற்றியதாகச் சொன்னவனும் நான்.