மச்சான் வண்டிக்கு எந்த எண்ணெய்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. குமுளியில் ஏலக்காய், மிளகு, பட்டை விற்கிற கடை எனக்கு. வாங்க வருகிறவர்கள் நான் ஏமாற்றுகிறேனா என்று பார்ப்பார்கள். சரக்குக் கொண்டுவருகிறவர்கள் என்னை ஏமாற்றுகிறார்களா என்று நான் பார்ப்பேன். இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்துவிட்டால் பெற்ற பிள்ளை 'பசிக்கிறது' என்றாலும் உண்மையாகவா என்று கேட்கத் தோன்றும்.

கார் என் அக்கா புருஷனுடையது. பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். மலேசியாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இரண்டு சீட்டு, பின்னால் மடக்கிவிடுகிற துணிக் கூரை, வயது இருபத்தைந்துக்கு மேல். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். மச்சானுக்கு முழங்கால் வலி வந்து அதற்குள் ஏறி இறங்க முடியாமல் போனபோது, வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை, நீயே எடுத்துக்கொள் என்று குறைந்த விலைக்கு எனக்குக் கொடுத்தார். குறைந்த விலை என்றதுமே எனக்குப் பொறி தட்டியது.

வாங்கப் போன அன்று பையில் ஒரு காந்தம் கொண்டுபோனேன். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. கதவு கதவாக வைத்துப் பார்த்தேன். முன்பக்க பானட்டில் வைத்ததும் காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். அது மட்டும் அலுமினியம் என்றார் மச்சான். நம்பாமல் போனில் தேடிப் பார்த்து, உண்மைதான் என்று தெரிந்த பிறகே விட்டேன். அவர் பக்கத்தில் நின்று தொடர்ந்து என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். விற்கிறவர் பேச்சு என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் சாவியோடு ஒரு பெரிய எண்ணெய் டின்னையும் கொடுத்து, இந்த வண்டிக்கு இந்தக் கெட்டி எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றார். டின்மேல் 20-50 என்று போட்டிருந்தது.

ஒரு வருஷம் வண்டி குறையில்லாமல் ஓடியது. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. எண்ணெய் மாற்ற வேண்டிய சமயம் வந்தபோது, சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் எந்தப் பக்கத்திலும் 20-50 இல்லை. 10-30 என்று இருந்தது. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஆக, வண்டியைச் செய்தவன் சொன்ன எண்ணெய் மெலிசு, மச்சான் சொன்ன எண்ணெய் கெட்டி. பாலக்காட்டு வெயிலுக்காகச் சொல்லியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். குமுளியில் காலையில் ஸ்வெட்டர் போடாமல் கடை திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிற குழு ஒன்று போனில் இருக்கிறது. அதில் கேட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ ஒருவர் எழுதியதுதான் தைத்தது. தேய்ந்த எஞ்சினில் கெட்டி எண்ணெயை ஊற்றினால் தட்டுகிற சத்தம் அடங்கும், புகை குறையும், விற்று முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. பழைய வண்டி விற்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை என்று அவர் எழுதியிருந்தார்.

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்த ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. விலை ஏன் குறைவு? வெளியாளுக்குக் கொடுக்க ஏன் மனசில்லை? வெளியாள் என்றால் மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்திருப்பான். மச்சினன் என்றால் பிறகு தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். நன்றாகத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அத்தாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று இருப்பது அக்காவின் வீடு ஒன்றுதான். பெருநாளைக்கு நான் போய் நிற்கிற வாசல் அது. அந்தச் சமயத்தில் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போன் செய்து, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், நீயும் வந்துவிடு என்றாள். கடையில் ஆள் இல்லை என்றேன். கடையில் ஆள் இருந்தார்கள். மச்சான் முகத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இடையில் வேறு வேலையாகப் பாலக்காட்டுப் பக்கம் போனேன். அக்கா வீட்டுக்குப் போகாமல் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். எஞ்சினை ஓட விட்டு, கண்ணை மூடிக் கேட்டார். எண்ணெய் அளவு காட்டுகிற கம்பியை உருவி விரலால் தொட்டுப் பார்த்தார். இப்போது ஊற்றியிருப்பதையே ஊற்றுங்கள் என்றார். இது விற்கிறவர்கள் செய்த வேலையா என்று கேட்டேன்.

"ஏனுங்க, மெலிசா மாத்தி ஊத்துனா எஞ்சினு எப்படின்னு தெரிஞ்சு போயிருமுங்க. தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் அவர்.

எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. பாலக்காடு அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். மச்சானுக்கு வேண்டியவராக இருந்தால்?

மெலிசு எண்ணெயைக் கம்பத்தில் ஒரு கடையில் வாங்கினேன். எண்ணெயிலும் போலி உண்டு என்று கேள்வி. ஆகவே டின் மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அடியில் அச்சிட்ட நம்பரையும் பக்கத்தில் ஒட்டிய சீட்டின் நம்பரையும் ஒப்பிட்டேன். குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். நான்கு டின்களைத் திருப்பிக் கொடுத்து ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "அண்ணே, வண்டிக்குத்தான ஊத்தப் போறீக, குடிக்கவா போறீக?" என்றார். நான் அந்த ஐந்தாவதை வாங்கிக்கொண்டேன்.

குமுளியில் வழக்கமாகப் போகிற வொர்க்‌ஷாப்பில் பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றச் சொன்னேன். மலைக் குளிருக்கு மெலிசுதான் சரி என்று அவர்களிடம் காரணம் சொன்னேன். என் வீட்டுக்காரியிடமும் அதையேதான் சொன்னேன். உண்மையில் நான் வண்டிக்கு எண்ணெய் ஊற்றவில்லை, மச்சானுக்குப் பரீட்சை வைத்தேன்.

எஞ்சின் சூடாக வேண்டும் என்று கம்பம்வரை இறங்கி, திரும்பி மலை ஏறினேன். லோயர் கேம்ப் தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே சத்தம் ஆரம்பித்தது. டிக் டிக் என்று, யாரோ ஸ்பூனால் தட்டுகிற மாதிரி. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள், கெட்டி எண்ணெய் இருந்தவரை நடுவில் நின்றது, இப்போது கீழே சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நீலமாகப் புகை. என்னை முந்திப் போன பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, வண்டி புகைகிறது என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வண்டி போய்விட்டதே என்கிற கவலை எனக்கு முதலில் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். ஆளைப் பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்.

மறுநாள் விடிந்ததும் அதே எண்ணெயோடு பாலக்காட்டுக்குக் கிளம்பினேன். மாற்றி ஊற்றிவிட்டால் சாட்சி அழிந்துவிடும் அல்லவா? தேனி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று வழி முழுவதும் அந்த டிக் டிக் என்னோடு வந்தது. சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது அக்காவும் மச்சானும் மதியம் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சத்தம் கேட்டு மச்சான் வெளியே வந்தார். பின்னாலேயே அக்காவும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் ஸலாம்கூடச் சொல்லவில்லை. எஞ்சினை ஓட விட்டபடியே இறங்கினேன்.

"சாயம் போட்ட சரக்க எனக்கே வித்துட்டீங்களே மச்சான்" என்றேன்.

ஏலக்காய் வியாபாரியின் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான வார்த்தை வராது. நல்ல பச்சையாகத் தெரிவதற்காகச் சாயம் ஏற்றி விற்கிறவனை எங்கள் கடைத்தெருவில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. மச்சானுக்கும் அது தெரியும். அவர் முகம் சட்டென்று சுருங்கியது. ஆனால் குரல் உயரவில்லை. குனிந்து எஞ்சினை நிறுத்தினார். இப்படியேவா குமுளியிலிருந்து வந்தாய், நடுவழியில் எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நான் கெட்டி எண்ணெயை ஊற்றி மறைத்தது ஏன் என்று கேட்டேன்.

"மறைக்கணும்னா அந்த டின்ன எதுக்கு ஒன் கையில குடுக்கறேன் மாப்ளே? உள்ள ஊத்திட்டு வாய மூடிட்டு இருந்திருப்பேனே" என்றார்.

இந்தச் சின்னக் கணக்கு இத்தனை நாளும் என் மண்டையில் ஏறவில்லை. அக்காதான் அடுத்துப் பேசினாள்.

"எஞ்சினு தேஞ்சிருக்கு, எண்ணெய் குடிக்கும், அதனாலதான் வெலையக் கொறச்சிருக்கேன்னு அவரு அன்னிக்கு அரை மணி நேரம் ஒங்கிட்டச் சொன்னாரு. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். நீ காந்தத்த வெச்சுக்கிட்டுக் கதவுகதவாப் பாத்துட்டிருந்தே."

யோசித்துப் பார்த்தேன். அன்று மச்சானின் வாய் அசைந்தது நினைவில் இருந்தது. ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

அவர் உள்ளே போய், மிச்சம் வைத்திருந்த 20-50 டின் ஒன்றை எடுத்துவந்தார். எஞ்சின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு வலிக்கிற முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நான் ஆசை ஆசையாய் வாங்கிய எண்ணெயை இறக்கினார். நான் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வடிகிற எண்ணெய்க்குத் தட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். கெட்டி எண்ணெய் உள்ளே போய்ச் சிறிது நேரம் ஓடியதும் தட்டல் அடங்கிவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதை விடு மாப்ளே என்றார். அக்கா டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மூவரும் பேசினோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா மகளின் நிக்காஹ் நிச்சயமானது. பிரியாணிக்கு வேண்டிய ஏலக்காய், பட்டை, கிராம்பு வாங்க மச்சானே குமுளிக்கு வந்தார். அவர் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என் கடைச் சரக்குதான். நீயே பார்த்து அனுப்பிவிடு என்று போனில் ஒரு வார்த்தை சொல்வார், நான் பஸ்ஸில் போட்டுவிடுவேன். நேரில் வந்ததே இல்லை. சந்தோஷத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கை அள்ளி, மேசைமேல் இருந்த பாட்டிலிலிருந்து சில சொட்டுத் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையாலும் தேய்த்தார். சாயம் ஏற்றிய ஏலக்காய் என்றால் கை பச்சையாகிவிடும். விரித்த கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காத மாப்ளே. இப்பல்லாம் பாத்து வாங்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

அவர் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் எனக்கு அத்தனை வலித்திருக்காது. கை சுத்தமாக இருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நல்ல சரக்கு, மூன்று கிலோ போடு என்றார். நான் போட்டேன். அவர் சரக்கைத் தேய்த்துப் பார்த்து வாங்கப் பழகியிருந்தார், பழக்கிவிட்டவன் நான்.