டீ நிறத்தில் வந்த தண்ணீர்

கேஜிஎஃப் என்கிற தங்கவயலின் தங்கச் சுரங்கத்தில், ஒரு மைல் ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறுவதைப் பார்த்தவன் நான். ஏர் பிளாஸ்ட் என்போம். சுரங்கம் மூடியபின், பெங்களூரில் தொம்மலூர்ப் பக்கம் குடிநீர்க் குழாய்க்கு டனல் தோண்டிய காண்ட்ராக்டரிடம் ஃபோர்மேனாகச் சேர்ந்தேன். ஆழம் நூறடி. முதல் நாளே, இது டனலா பேஸ்மென்ட்டா என்று கேட்டுச் சிரித்தேன். சிரித்த வாயை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

வெடி வைக்குமுன் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பது எங்கள் பழக்கம். கணீரென்றால் கெட்டி, தொப்பென்றால் உள்ளே பிளவு. ஒருநாள் காலை அப்படித் தட்டினேன், கணீரென்றது. "வெடி போடலாம்" என்று பெருமையாக அறிவித்தேன்.

வெடிமருந்து இறக்குமுன், டனலில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஆபரேட்டர் பசவராஜு வந்தார். "அண்ணா, நேத்து வரைக்கும் தெளிவா வந்த தண்ணி இப்ப டீ மாதிரி வருது."

தங்கவயலின் ஆழத்தில் பாறை காய்ந்து கிடக்கும், தண்ணீரைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நிலத்தடி நீர் பற்றி மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். ஆனாலும் நம்பியது கடப்பாரையை. தண்ணீர் கலங்கினால், பாறை இடுக்கை அடைத்திருக்கும் மண் கரைகிறது என்று பொருள். மண் போனால் பாறைக்குப் பிடிமானம் இல்லை.

கீழே இருந்த ஆறு பேரையும் மேலே ஏற்றினேன். சைட் இன்ஜினியர் மறித்தார்.

"பத்து நிமிஷம் முன்னாடி நீங்கதான கெட்டின்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன் சார்."

"கேஜிஎஃப் ஆளு, நூறடிக்கே பயமா?"

"ஆமா சார். நீங்க வேணா இறங்குங்க. நான் மேல தைரியமா இருக்கேன்."

வேலை போய்விடும் என்றார். வேறு ஆட்களை இறக்கப் போவதாகவும் சொன்னார். நான் ஏணி வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். என் தொப்பை முதல்முறையாகக் கம்பெனிக்கு உதவியது. அதைத் தாண்டி ஒருவராலும் இறங்க முடியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு, வெடியே இல்லாமல், டனலில் தோண்டிக்கொண்டிருந்த முனை சரிந்தது. டிரில் மெஷின்கள் புதைந்தன. சேற்றுத் தண்ணீர் ஏணியின் பாதிவரை ஏறியது. ஆறு பேரும் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

மறுவாரம் மெமோ வந்தது: அனுமதியின்றி வேலையை நிறுத்தியது ஏன்?

பதில் எழுதினேன்: "கடப்பாரையை மட்டும் நம்பியது என் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆட்களை மேலே ஏற்றியதற்குக் கேட்க மாட்டேன். இனியும் தண்ணீர் கலங்கினால் முதலில் ஆட்களை ஏற்றுவேன், அனுமதியை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்."