ஒரு கதைக்கு ஒரு பொய்

அடுத்தவர் புளுகில் ஓட்டை தேடாவிட்டால் பிரம்மிக்குத் தூக்கம் வராது. பனமலை ஏரியில் ஒரு விரால் மொபெட்டை விழுங்கியதை நான் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னபோதுகூட, டேங்கில் பெட்ரோல் இருந்ததா என்றுதான் கேட்டாள். செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நயினார் வீட்டுப் பெண். ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் எதையும் சாப்பிடமாட்டார்கள்.

அவளோடு ஒரே வகுப்பில் படித்த செந்தமிழன் சென்னையில் டிவி தொடர் இயக்குகிறான். வேற்றுக் கிரகக் கதை ஒன்று அவன் கைக்கு வந்ததும் நேரே ஊருக்கு வந்தான். செஞ்சிப் பாறைகளை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய்க் கிரகம் தேடுவது? ஊருக்கு வெளியே ஒரு குன்றைப் பிடித்தான். பிரம்மியை அறிவியல் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டான். தொடரின் தொடக்கத்தில் பெயர் வரும் என்றான். அவள் அதைப் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் நாளே பிரம்மி சட்டம் போட்டாள். ஒரு கதைக்கு ஒரு பொய்தான். அதைத் தாராளமாகச் சொல்லலாம்; மற்றதெல்லாம் கணக்குக்குள் அடங்க வேண்டும். அவர்கள் கிரகம் நிலா அளவுதான். அவ்வளவு சின்னதில் காற்று தங்காது. முகமூடி மாட்டினால் நடிகர்களின் முகம் தெரியாதே என்று செந்தமிழன் கெஞ்சியதால், காற்று இருப்பதை அந்த ஒரு பொய்யாக ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு விண்வெளியில் குண்டு வெடிக்கும் சத்தத்தை வெட்டினாள். நாயகன் பறப்பதை வெட்டினாள். விட்டால் இந்த அம்மா கதையையே வெட்டிவிடுவார், ஒரு தப்பு செய்யட்டும் அனுப்பிவிடலாம் என்று சேனல்காரர்கள் காத்திருந்தார்கள்.

தப்பும் வந்தது. கிரகத்து மக்களின் பழக்கவழக்கங்களையும் பிரம்மியே எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவியாக நடிக்கும் மஞ்சு ஒத்திகையில் அதைப் படித்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"அக்கா, இங்க ராத்திரியே ரெண்டு மாசம்னு போட்டிருக்கீங்க. அடுத்த பக்கத்துல, இருட்டிட்டா யாரும் சாப்பிட மாட்டாங்கன்னு இருக்குது. ரெண்டு மாசம் பட்டினி கெடந்துட்டு நான் எப்படிக்கா சண்ட போடறது?"

பிரம்மி இரண்டு பக்கங்களையும் வாங்கிப் பார்த்தாள். ஈர்ப்பு விசையைப் போலத் தன் வீட்டு வழக்கமும் எல்லா உலகத்துக்கும் பொது என்று நினைத்து எழுதியிருக்கிறாள். விஷயம் சேனலுக்குப் போயிற்று. அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

"இன்னா இப்ப? அவங்களுக்குப் பசியே எடுக்காதுன்னு வெச்சிக்கலாம். கற்பனதான?" என்றான் செந்தமிழன்.

"அது ரெண்டாவது பொய்."

"அப்ப அந்த வரிய எடுத்துடு."

எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவளுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு பாறை நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நிலா அளவு கிரகம், அது ஒருமுறை சுழல நாலு மாதம். அங்கே மாட்டுவண்டி வேகத்தில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் போதும், சூரியன் மறையவே மறையாது.

அப்புறம் கதை தானாக ஓடியது. அந்த மக்களுக்கு வீடு கிடையாது, வண்டிகள்தான். சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம் ஓடும் வண்டியில். பின்தங்கியவனை இருட்டு பிடித்துக்கொள்ளும்; பிடித்தால் பட்டினி. தலைவியின் வண்டிக்கு அச்சு முறிகிறது, பின்னால் இருட்டு வருகிறது. சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். படித்துப் பார்த்த சேனல்காரர்கள், பெயர் இருக்கட்டும் என்றார்கள்.

அடுத்த மாதம் அந்தக் குன்றில் விருந்துக் காட்சியை எடுத்தார்கள். அடிவானத்திலேயே நிற்கும் மறையாத சூரியனைக் காட்ட, செஞ்சியில் மறையப்போகும் சூரியனைத்தான் பிடித்தாக வேண்டும். நிழல் அந்தப் பக்கம் விழுகிறது, இந்தப் பக்கம் விழுகிறது என்று பிரம்மி பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தாள். மஞ்சு வயிறு முட்டச் சாப்பிட்டாள். செந்தமிழன் பேக்கப் சொன்னபோதுதான் பிரம்மிக்குத் தன் பையில் இருந்த எலுமிச்சை சாதம் நினைவுக்கு வந்தது. மேற்கே பார்த்தாள். சூரியன் இல்லை. டப்பாவைத் திறக்காமலே பையை மூடினாள்.

"வேன எடுக்கச் சொல்லட்டா? திருவண்ணாமலை ரோட்டுல மேக்கால வுட்டா சூரியனப் புடிச்சிடலாம்" என்றான் செந்தமிழன்.

"பூமி சுத்துற வேகத்துக்கு உன் வேன் ஓடாதுடா" என்று சொல்லிவிட்டு, பிரம்மி பட்டினியோடு வீட்டுக்குப் போனாள்.