எலிக்கும் அப்பாவுக்கும் ஒரே தாகம்

எல்லாருடைய பதிவுக்கும் சத்தமில்லாமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவள் நான். இன்று கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈர மரத்தூள் வாசனை.

டிகிரி முடித்து முதன்முதலாக வேலைக்குப் போன ஆய்வுக்கூடத்தை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. நீரிழிவு மருந்துகளைச் சோதிக்க அங்கே எலிகள் வைத்திருந்தார்கள். வீட்டின் முதல் பட்டதாரிக்கு "டாக்டர் மாதிரி வேலை" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க, நான் கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதிகம் பேச வேண்டாம், கவனித்தால் போதும். சர்க்கரை ஏறிய எலியை மீட்டர் இல்லாமலே சொல்லிவிடுவேன். தண்ணீர் பாட்டில் சாயங்காலத்துக்குள் காலி. மறுநாள் கூண்டெல்லாம் ஈரம். தீனி குறையாது... உடம்பு மட்டும் இளைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் மார்சிலிங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே அப்பா இன்னொரு பாட்டில் தண்ணீரைத் திறந்தார். அவர் ஜூரோங்கில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

"அப்பா, எங்க லேப்ல சுகர் வந்த எலிங்க இப்படித்தான் தண்ணி குடிக்கும்."

"பெத்த அப்பனை எலிங்குற. இதுக்குத்தான் படிக்க வெச்சேனா?"

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அப்பா பாலிகிளினிக்குக்கு, அதாவது பக்கத்து அரசு மருத்துவ நிலையத்துக்கு, போக ஒத்துக்கொண்டார். சர்க்கரை என்று தெரிந்தால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அன்று காலையிலேயே லிட்டில் இந்தியா கோயிலுக்குப் போய், ரிசல்ட் நல்லபடியாக வர வேண்டிக்கொண்டு, அங்கே கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு நேரே கிளினிக்குக்குப் போயிருக்கிறார். நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அது சாப்பாடா? பிரசாதம் லா," என்றார் அப்பா என்னிடம்.

எலிகளும் இப்படித்தான். பட்டினி போடும்போது பழைய கூண்டிலேயே விட்டால், மரத்தூளுக்குள் கிடக்கும் துணுக்குகளைத் தேடித் தின்றுவிடும். அதனால் முதலில் சுத்தமான கூண்டுக்கு மாற்றிவிடுவோம். அடுத்த முறை அப்பாவை வீட்டுக் கதவிலிருந்து கிளினிக் நாற்காலி வரை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

சர்க்கரை இருந்தது. நிறையவே. ஆனால் கண்ணும் காலும் நன்றாக இருக்கின்றன, ஒழுங்காக மாத்திரை போட்டால் பஸ் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

வரும் வழியில் அப்பா கேட்டார்.

"உன் எலிக்குக் கேக்குற மருந்து எனக்கும் கேக்குமா?"

"சொல்ல முடியாதுப்பா. எலிக்குக் கேட்ட நிறைய மருந்து மனுஷங்களுக்குக் கேக்கல. மனுஷங்ககிட்ட பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ என்னைப் பாரு."

இப்போது நான் இருப்பது நீரிழிவு மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வில். மரத்தூள் வாசனை இல்லை, சானிடைசர் வாசனைதான். நாள் முழுக்கப் பேச வேண்டியிருக்கிறது... சில நாள் அந்த அமைதியான கூண்டு அறைக்காக மனசு ஏங்கும். அப்பா அதற்குப் பெயர் கொடுத்துவிட்டார். நான் மகள் என்பதால் அவரை வேறொருவர்தான் பார்க்கிறார்.

இன்னும் ஆட்கள் வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எலிகளிடம் சம்மதம் கேட்க வழியில்லை. உங்களிடம் கேட்கலாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ சுகர் இருந்தால், ஒரு சனிக்கிழமை காலை எங்கள் ஆய்வு மையத்துக்கு வருவீர்களா?